அழித்த பதிவும் அழியாத ஐடியும்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஏறத்தாழ 4,000 தொடர்புப் பதிவுகளை சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வாடிக்கையாளர் தரவு மென்பொருளிலிருந்து அழித்துவிட்டு, அதே 4,000 பேரையும் திருத்திய விவரங்களுடன் அன்றிரவே திரும்ப ஏற்றினோம். திரையில் பார்த்தவர் எவருக்கும் எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. பெயர்கள் இருந்தன, மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன, தொலைபேசி எண்களின் முன்னால் நாட்டுக் குறியீடு முன்பைவிட ஒழுங்காகவே இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு தாயிடமிருந்து புகார் வந்தது. தன் மகள்களின் பயிற்சி முடிந்து பல மாதங்கள் ஆகின்றன என்றும், இனி மடல் அனுப்ப வேண்டாமென்று அப்போதே இணைப்பைச் சொடுக்கி விலகிவிட்டதாகவும், இப்போது புதிதாகச் சேர்ந்தவரை வரவேற்பதுபோல் ஒரு மடல், அதுவும் இரண்டு முறை வந்திருப்பதாகவும் அவர் எழுதியிருந்தார். பணியில் இருந்தவர் அவர் முகவரியைத் தேடி, கையாலேயே விலக்கி வைத்து, வருத்தம் தெரிவித்து, புகாரை முடித்துவைத்தார். ஒற்றைப் புகார் என்றுதான் நானும் எண்ணினேன். அழிக்க அனுமதி கொடுத்தவனும் நானே என்பதால், இந்தக் கதையில் வேறு யாரையும் குற்றவாளியாக நிறுத்த எனக்கு வழியில்லை.

நாங்கள் சென்னையிலிருந்து பராமரித்துவந்தது ஐரோப்பாவில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனத்தின் தரவு. மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் சேல்ஸ்ஃபோர்ஸில் தொடர்புகளாக இருந்தார்கள்; மடல்கள் அதே நிறுவனத்தின் மின்னஞ்சல் அனுப்பும் மென்பொருளான மார்க்கெட்டிங் க்ளவுட் வழியாகப் போயின. இரண்டையும் மார்க்கெட்டிங் க்ளவுட் கனெக்ட் என்ற இணைப்பு ஒத்திசைவில் வைத்திருந்தது. பல ஆண்டுகளாகப் பல பேர் ஏற்றிய தரவில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் இடம் மாறிக் கிடந்தன. இருக்கும் பதிவுகளைத் திருத்துவதைவிட மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது சுத்தம் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொன்னார். பழைய சுவரைச் சுரண்டாமல் மேலே சுண்ணாம்பு அடிப்பானேன் என்று அவர் கேட்டபோது அது எனக்கும் நியாயமாகப் பட்டது.

இந்த இரண்டு மென்பொருள்களும் ஒரே கூரையின் கீழ்ப் பிறந்தவை அல்ல. மார்க்கெட்டிங் க்ளவுட்டின் வேர், 2000ஆம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கிய எக்ஸாக்ட்டார்கெட் என்ற நிறுவனம். 2013இல் ஏறத்தாழ 250 கோடி டாலருக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் அதை வாங்கியது. அதனால் இன்றுவரை இரண்டுக்கும் தனித்தனிப் பதிவேடுகள் உண்டு. சேல்ஸ்ஃபோர்ஸ் ஒவ்வொரு பதிவுக்கும் தானாகவே ஓர் ஐடி கொடுக்கிறது. மார்க்கெட்டிங் க்ளவுட் தன்னிடம் உள்ள ஒவ்வொருவரையும் சப்ஸ்கிரைபர் கீ என்ற ஒரு குறியால் அறிகிறது. தொடர்புகளை நிர்வகிக்கும் கான்டாக்ட் பில்டர் பகுதியில் அதே மதிப்புக்குக் கான்டாக்ட் கீ என்று பெயர். கனெக்ட் வழியாக இணைத்த நிறுவனங்களில் சேல்ஸ்ஃபோர்ஸின் 18 எழுத்து ஐடியே இங்கே கீயாக வந்து அமர்கிறது. எனவே ஐடி என்பது ஒரு பக்கத்தில் வெறும் வரிசை எண்ணாகவும் மறு பக்கத்தில் ஆளின் முகமாகவும் இருக்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் மட்டுமே வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி கண்ணில் படுவதே இல்லை. படாமல் இருந்தவர்களில் நானும் ஒருவன்.

அழித்த பதிவை அதே விவரங்களோடு மறுபடியும் போட்டால் சேல்ஸ்ஃபோர்ஸ் அதற்குப் புதிய ஐடி கொடுக்கும். பழைய ஐடியைக் கேட்டு வாங்க முடியாது. அடுத்த ஒத்திசைவில் மார்க்கெட்டிங் க்ளவுட்டில் உள்ள தொடர்பு அட்டவணையிலிருந்து பழைய வரி போய்விடுகிறது, புதிய வரி வந்துவிடுகிறது. ஆனால் பழைய கீயுடன் இருந்த ஆள், அனைத்துச் சந்தாதாரர்கள் பட்டியலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். சேல்ஸ்ஃபோர்ஸில் அழிப்பது மார்க்கெட்டிங் க்ளவுட்டில் அழிப்பதாகாது. அது தனி வேலை, தனி இடத்தில் செய்ய வேண்டியது. எனவே வெள்ளிக்கிழமை இரவுக்குப் பிறகு எங்களிடம் 4,000 பேர் இல்லை, 8,000 பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு சேல்ஸ்ஃபோர்ஸில் வேர் இல்லை. மீதிப் பாதிக்கு மார்க்கெட்டிங் க்ளவுட்டில் நினைவு இல்லை. கட்டணத்துக்கான தொடர்புக் கணக்கும் கீயை வைத்தே எண்ணப்படுவதால், இல்லாத அந்த 4,000 பேரும் கணக்கில் இருந்தார்கள்.

நினைவு என்று நான் சொல்வது அந்தத் தாய் சொன்ன 'வேண்டாம்' என்ற சொல்லைத்தான். ஒருவர் விலகும்போது அந்த நிலை அவருடைய கீயின் மேல் எழுதப்படுகிறது, முகவரியின் மேல் அல்ல. ஒரே மின்னஞ்சல் முகவரியுடன் எத்தனை கீக்கள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது இந்த மென்பொருளின் அடிப்படை ஏற்பாடு. பழைய கீ விலகிய நிலையில் பத்திரமாக இருந்தது. புதிய கீ செயல்படு நிலையில் பிறந்தது. வரவேற்பு ஜர்னி, அதாவது மடல்களைத் தானாக அடுத்தடுத்து அனுப்பும் ஏற்பாடு, புதிய தொடர்பு உருவானதும் அவரை உள்ளே எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை வந்தவர் மறுபடி வரக் கூடாது என்ற கட்டுப்பாடும் கீயைப் பார்த்தே இயங்குவதால், அதற்கு இவர்கள் எல்லோரும் முதன்முதலாக வருபவர்களே. மூன்று நாள் காத்திருப்பு முடிந்ததும் மடல் புறப்பட்டது. அந்தத் தாயின் முகவரியில் இரண்டு மகள்கள் இருந்ததால் இரண்டு மடல்கள்.

சேல்ஸ்ஃபோர்ஸ் தரப்பிலும் மின்னஞ்சல் வேண்டாம் என்று குறிக்க ஒரு பெட்டி உண்டு. இணைப்பு சரியாக இருந்தால், மடலிலிருந்து விலகுபவரின் பதிவில் அந்தப் பெட்டியில் குறி விழுந்துவிடும். நாங்கள் பதிவிறக்கிய தாளில் அந்த நெடுவரிசையைச் சேர்க்கவில்லை. பெயரையும் முகவரியையும் தொலைபேசியையும் திருத்துவதுதானே வேலை என்று, திருத்த வேண்டிய நெடுவரிசைகளை மட்டுமே எடுத்திருந்தோம். பதிவை அழித்துவிட்டுப் போடும்போது, எடுக்காத நெடுவரிசை எல்லாம் வெறுமையாகிவிடும் என்பது எழுதிப் பார்த்தால் ஒரு குழந்தைக்கும் தெரியும். அன்று மாலை எழுதிப் பார்க்கவில்லை.

மூன்றாம் வாரத்தில் அதேபோன்ற புகார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதுதான் நான் பழைய கீ ஒன்றையும் புதிய கீ ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதற்குள் காலம் கடந்திருந்தது. அழித்த பதிவு சேல்ஸ்ஃபோர்ஸின் ரீசைக்கிள் பின்னில் 15 நாள் இருக்கும். அங்கிருந்து மீட்டால் பழைய ஐடியுடனேயே எழுந்து வரும். முதல் புகார் வந்த ஐந்தாம் நாளே விழித்திருந்தால், பழையவற்றை மீட்டு, புதியவற்றைப் பழையவற்றின் மேல் இணைத்து, அரை நாளில் வேலையை முடித்திருக்கலாம். பதினெட்டாம் நாள் பின்னைத் திறந்தபோது எங்களுக்கு வேண்டிய எதுவும் அங்கே இல்லை.

அடுத்து எவரும் நினைப்பதைத்தான் நாங்களும் நினைத்தோம்: மார்க்கெட்டிங் க்ளவுட்டில் உள்ள பழைய ஆளின் கீயை எடுத்துவிட்டுப் புதிய கீயை எழுதிவிட்டால் என்ன? அது நடக்காது. பெயரை மாற்றலாம், முகவரியை மாற்றலாம், நிலையை மாற்றலாம். கீயை மட்டும் மாற்ற முடியாது. புதிய கீயுடன் ஒரு வரியை ஏற்றினால் அது பழையவரைத் திருத்துவதில்லை, இன்னொருவரை உருவாக்குகிறது. ஆகவே ஐடியைச் சரிசெய்வது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, உண்மையில் செய்யக்கூடியது ஒன்றுதான்: எந்தப் பழையவர் எந்தப் புதியவர் என்று ஒரு பட்டியல் எழுதி, பழையவரின் தோளில் இருந்த சுமையைப் புதியவரின் தோளுக்கு மாற்றுவது.

சென்னையில் வீட்டு முகவரி எழுதுபவர்களுக்கு இது புதிதல்ல. மாநகராட்சி கதவு எண்களை மாற்றி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், பழைய எண் 14, புதிய எண் 31 என்று இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம். தபால்காரருக்கு ஒன்று, மின்வாரிய அட்டைக்கு மற்றொன்று. எங்களுக்கும் தேவைப்பட்டது அப்படி ஒரு பழைய எண், புதிய எண் பட்டியல்தான். அதை எழுதுவதற்கு வேண்டிய இரண்டு தாள்களில் ஒன்று அழிப்பதற்காக ஐடிகளுடன் எடுத்து வைத்தது. மற்றொன்று, தரவை மொத்தமாக ஏற்றவும் இறக்கவும் உதவும் டேட்டா லோடர் என்ற கருவி, ஏற்றிய ஒவ்வொரு வரிக்கும் எதிரே புதிய ஐடியை எழுதிக் கொடுத்த வெற்றிக் கோப்பு. இரண்டுக்கும் நடுவில் பாலமாக இருந்திருக்க வேண்டிய பழைய ஐடி நெடுவரிசையை, இனித் தேவையில்லை என்று நாங்களே நீக்கிவிட்டுத்தான் ஏற்றியிருந்தோம். அந்த ஒரு நெடுவரிசை இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குப் பொருளே இல்லை.

முதல் முயற்சி எக்செல்லில் நடந்தது. என் சக ஊழியர் ஒருவர் சேல்ஸ்ஃபோர்ஸ் ரிப்போர்ட்டிலிருந்து பழைய ஐடிகளை எடுத்து வைத்திருந்தார். மார்க்கெட்டிங் க்ளவுட்டிலிருந்து எடுத்த கீக்களோடு, பொருந்தும் வரியைத் தேடித் தரும் வீலுக்அப் என்ற செயற்கூறைப் போட்டார். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ரிப்போர்ட் கொடுப்பது 15 எழுத்து ஐடி, மார்க்கெட்டிங் க்ளவுட்டில் இருப்பது 18 எழுத்து. சரி, கடைசி மூன்றை வெட்டிவிடுவோம் என்று வெட்டினார். உடனே எல்லாம் பொருந்தின. எல்லாம் பொருந்தியதுதான் எனக்கு உறுத்தியது. சில பத்து வரிகளைக் கையால் சரிபார்த்தபோது, ஒருவருடைய ஐடிக்கு எதிரே வேறொருவருடைய பெயர் நின்றது.

இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்பது பயன்படும். 15 எழுத்து ஐடியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. பெரிய ஏயில் முடியும் ஐடி ஒருவருடையது என்றால், சின்ன ஏயில் முடியும் அதே ஐடி முற்றிலும் வேறொருவருடையது. ஆனால் வீலுக்அப்புக்குப் பெரியதும் சின்னதும் ஒன்றே. முதலில் கண்டதைப் பிடித்துக் கொடுத்துவிடும். இந்தக் குழப்பம் தெரிந்துதான் சேல்ஸ்ஃபோர்ஸ் கடைசி மூன்று எழுத்துகளைச் சேர்த்தது. அந்த மூன்றும் புதிய தகவல் அல்ல. முன்னால் உள்ள பதினைந்தில் எவை பெரிய எழுத்து என்பதன் குறிப்பு மட்டுமே. பதினைந்தை ஐந்தைந்தாக மூன்று துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் முதல் இடத்துக்கு 1, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 4, நான்காவதுக்கு 8, ஐந்தாவதுக்கு 16 என்று மதிப்பு. பெரிய எழுத்து இருக்கும் இடங்களின் மதிப்பை மட்டும் கூட்டினால் 0 முதல் 31 வரை ஓர் எண் வரும். 0க்கு ஆங்கில முதல் எழுத்து, 25க்குக் கடைசி எழுத்து, 26 முதல் 31 வரை 0 முதல் 5 வரையான இலக்கங்கள். ஒரு துண்டில் முதலாவதும் மூன்றாவதும் ஐந்தாவதும் பெரிய எழுத்தானால் 1, 4, 16 சேர்ந்து 21. அதற்குரிய எழுத்து 'வி'. எண்களும் சின்ன எழுத்துகளும் மட்டும் உள்ள துண்டுக்கு எப்போதும் 'ஏ' வரும். நாங்கள் வெட்டி எறிந்தது இந்த மூன்றைத்தான். குழப்பம் வராமல் காப்பதற்கென்றே கூடுதலாகக் கொடுத்த மூன்று எழுத்துகளை, கூடுதலாக இருக்கிறது என்பதற்காகவே வெட்டியிருந்தோம்.

திருத்தம் எளிது. ரிப்போர்ட்டை நம்பாமல் டேட்டா லோடர் வழியாக எடுத்தால் 18 எழுத்தாகவே வரும். ரிப்போர்ட்தான் வேண்டுமென்றால், பதிவில் ஒரு ஃபார்முலா புலம் வைத்து கேஸ்சேஃப்ஐடி என்ற செயற்கூறால் 18 எழுத்தாக மாற்றிக்கொள்ளலாம். எக்செல்லில் இருந்தே ஆக வேண்டுமானால் எக்ஸாக்ட் என்ற செயற்கூறு பெரிய சின்ன எழுத்து வேறுபாட்டைப் பார்க்கும். நாங்கள் எக்செல்லை மூடிவிட்டு, இரண்டு தாள்களையும் மார்க்கெட்டிங் க்ளவுட்டுக்குள்ளேயே ஏற்றி, அதன் ஆட்டோமேஷன் ஸ்டூடியோ பகுதியில் எஸ்கியூஎல் என்ற மொழியில் வினவல்கள் எழுதத் தொடங்கினோம்.

முதல் வினவல், சேல்ஸ்ஃபோர்ஸில் வேரில்லாத அநாதைகளை எண்ணுவதற்கானது. அனைத்துச் சந்தாதாரர்களையும் காட்டும் சப்ஸ்கிரைபர்ஸ் என்ற டேட்டா வியூவை (மென்பொருளே வைத்திருக்கும் உள் அட்டவணை) ஒரு பக்கமும், சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து ஒத்திசைந்து வரும் தொடர்பு அட்டவணையை மறு பக்கமும் வைத்து, முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லாத கீக்களைக் கேட்டோம். தொடர்புப் பதிவின் ஐடி 003 என்று தொடங்கும் என்பதால் அப்படித் தொடங்குபவற்றை மட்டும் எடுத்தோம். எதிர்பார்த்ததைவிடச் சில நூறு அதிகமாக வந்தது. அதிகமாக வந்தவை எங்கள் வெள்ளிக்கிழமைக்கு முந்தியவை. யார் யாரோ, எப்போது எப்போதோ அழித்தவை. எங்கள் தவறுக்கு முன்னோர் இருந்தார்கள் என்பதில் ஒரு சிறிய ஆறுதல் கிடைத்ததை மறைக்க விரும்பவில்லை.

பொருத்தும் வேலையில்தான் நாட்கள் போயின. மின்னஞ்சல் முகவரியை வைத்துப் பொருத்தலாம் என்பதே யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் பயிற்சி நிறுவனத்தில் பிள்ளைகளின் பதிவுகளில் பெற்றோரின் முகவரியே இருக்கும். ஒரே முகவரியில் மூன்று பேர், நான்கு பேர். முகவரியோடு பெயரைச் சேர்த்தால், நாங்கள் திருத்தியதே பெயர்களைத்தான். பழைய தாளில் முதற்பெயர் இடத்தில் இருந்தது புதிய தாளில் குடும்பப் பெயர் இடத்தில் இருந்தது. இரண்டு பெயர்களையும் ஒட்டி, இடைவெளிகளை நீக்கி, அகர வரிசையில் அடுக்கி ஒப்பிட்டபோது பெரும்பாலானவை பொருந்தின. எஞ்சியவற்றுக்குப் பிறந்த தேதி. அதன் பிறகும் நின்றவை புகார் எழுதிய தாயின் மகள்களைப் போன்றவை: இரட்டையர்கள். ஒரே முகவரி, ஒரே குடும்பப் பெயர், ஒரே பிறந்த தேதி. ஒருத்தியின் செல்லப் பெயரை முழுப்பெயராக மாற்றியதும் நாங்களே. இருவரில் யார் யார் என்பதை எந்த வினவலும் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில், மாணவர் எண்ணை நினைவிலிருந்தே சொல்லக்கூடிய ஓர் அம்மையார் இருந்தார். அவருக்கு ஒரு சிறு தாளை அனுப்பிவைத்து விடை பெற்றோம். பதினைந்து எழுத்தும் பதினெட்டு எழுத்தும் செய்யாததை அவர் ஒரு தேநீர் நேரத்தில் செய்து அனுப்பினார்.

பட்டியல் கைக்கு வந்ததும், எதை முதலில் மாற்றுவது என்ற கேள்வி. யார் எந்த மடலைத் திறந்தார்கள், எதைச் சொடுக்கினார்கள் என்ற வரலாற்றை மேலாளர்கள் முதலில் கேட்டார்கள். அது புதிய கீயின் கீழ் போகாது. பழைய கீயின் கீழேதான் இருக்கும். அறிக்கை வேண்டும்போது பட்டியலை நடுவில் வைத்து இணைத்துப் பார்க்கலாம், அதுவும் அனுப்பியது, திறந்தது, சொடுக்கியது பற்றிய டேட்டா வியூக்கள் வைத்திருக்கும் கடைசி ஆறு மாதங்களுக்கு மட்டும். அது காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். காத்திருக்கக் கூடாதது விலகல் நிலை. 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியின் 21ஆம் பிரிவு, நேரடிச் சந்தைப்படுத்தலுக்கு ஒருவர் மறுப்புச் சொன்னால் அதன் பிறகு அவருடைய தரவை அந்த நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. எங்கள் அமைப்பில் ஐடி மாறிவிட்டது என்பது அந்தப் பிரிவில் எங்கும் விதிவிலக்காக இல்லை. சட்டத்தை விடுங்கள், ஒரு முறை வேண்டாமென்று சொன்னவரை மறுபடி சொல்லவைப்பது மரியாதைக் குறைவு.

விலகிய நிலையில் உள்ள பழைய கீக்களை எடுத்து, பட்டியல் வழியாகப் புதிய கீக்களைக் கண்டு, அவற்றை விலகிய நிலையுடன் அனைத்துச் சந்தாதாரர்கள் பட்டியலில் ஏற்றினோம். அதே பெயர்களுக்கு சேல்ஸ்ஃபோர்ஸிலும் மின்னஞ்சல் வேண்டாம் என்ற பெட்டியில் குறியிட்டோம். ஒரு பக்கம் மட்டும் செய்தால், ஆறு மாதம் கழித்து மறு பக்கத்தை மட்டும் பார்க்கும் ஒருவர் நல்ல எண்ணத்துடன் எல்லாவற்றையும் புரட்டிப் போடுவார். இதில் விலகல்களை மட்டும் பார்க்கும் டேட்டா வியூவை நம்பக் கூடாது. அதுவும் ஆறு மாதக் கணக்கையே வைத்திருக்கும். சந்தாதாரரின் இப்போதைய நிலையைச் சொல்லும் சப்ஸ்கிரைபர்ஸ் வியூவிலிருந்தே எடுக்க வேண்டும், அப்போதுதான் பல ஆண்டுகளுக்கு முன் விலகியவரும் அகப்படுவார்.

இரட்டையர் போன்றவர்கள் விஷயத்தில் எங்களுக்குள் ஒரு விவாதம் எழுந்தது. தாய் ஒரு மகளின் மடலிலிருந்து மட்டும் விலகியிருந்தால், மற்ற மகளின் கீயை என்ன செய்வது? கீ வேறு, ஒப்புதலும் வேறு என்பது ஒரு தரப்பு. கணக்கு வழக்கின்படி அது சரி. ஆனால் விலகும் இணைப்பைச் சொடுக்குபவர் தனக்கு இத்தனை கீக்கள் இருப்பதை அறியார். தன் அஞ்சல் பெட்டிக்கு வர வேண்டாம் என்றுதான் சொல்கிறார். முகவரி ஒன்றானால் விலகலும் ஒன்று என்று முடிவு செய்தோம். சில நூறு பேருக்கு மடல் குறைந்தது. மார்க்கெட்டிங் பிரிவினருக்கு அதில் மகிழ்ச்சியில்லை.

ஜர்னிகளுக்குள் ஓடிக்கொண்டிருந்த பழைய கீக்களையும் நிறுத்த வேண்டியிருந்தது. ஒருவர் ஜர்னிக்குள் நுழையும்போதே அவருடைய விவரங்கள் கூடவே உள்ளே போய்விடுவதால், சேல்ஸ்ஃபோர்ஸில் அவர் இல்லாமல் போனாலும் காத்திருப்பு முடிந்ததும் அடுத்த மடல் போகும். அதனால் விலகாத சிலருக்கும் ஒரே மடல் பழைய கீயில் ஒரு முறை, புதிய கீயில் ஒரு முறை என்று போயிருந்தது. பழையவர்களை ஜர்னியிலிருந்து வெளியேற்றினோம். பாதி வழியில் வெளியேறியவர்களின் புதிய கீக்கள் எப்படியும் வரவேற்பிலிருந்து தொடங்கியிருந்தன. அவர்களுக்கு அதை அப்படியே விட்டுவிட்டோம், வேறு நேர்த்தியான வழி கிடைக்கவில்லை.

இவ்வளவும் முடியும்வரை அநாதைப் பதிவுகளை நான் தொடவிடவில்லை. குப்பையைத்தானே முதலில் அள்ள வேண்டும், அதிலும் கட்டணம் ஏறுகிறது என்று நெருக்கினார்கள். ஆனால் யார் வேண்டாமென்று சொன்னார் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே சாட்சி அந்தக் குப்பைதான். அதை முதலில் அழித்திருந்தால் புகார் எழுதிய தாய்க்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டு, எழுதாத மற்றவர்களை என்றைக்கும் அறியாமலே இருந்திருப்போம்.

கடைசியில் அழித்தபோது, அழிக்க வேண்டிய கீக்களைத் தனி அட்டவணையில் வைத்துக் கான்டாக்ட் பில்டர் வழியாகக் கொடுத்தோம். ஒரு முறையில் 10 லட்சம் தொடர்புகள் வரை கொடுக்கலாம், எங்களுடையது அதில் ஒரு மூலை. கொடுத்ததும் உடனே போய்விடாது. முதலில் சில நாட்கள் மடல் அனுப்ப முடியாத நிலையில் வைத்திருந்து, பிறகே அழிக்கும். அழிந்த பின் ரீசைக்கிள் பின் போன்ற எதுவும் இங்கே இல்லை. இந்த அழிப்பு டேட்டா எக்ஸ்டென்ஷன் என்ற அட்டவணைகளில் மடல் அனுப்பத்தக்கவற்றில் உள்ள வரிகளையும் கூடவே நீக்கும்; அனுப்பத்தகாதவற்றைத் தொடாது. ஆகவே பழைய எண், புதிய எண் பட்டியலை அனுப்பத்தகாத எக்ஸ்டென்ஷனாக வைத்திருந்தோம், அது தப்பியது. இதே காரணத்தால், தன் தரவு முழுவதையும் அழிக்கக் கோரும் ஒருவர் வரும்போது அந்தப் பட்டியலிலும் கையால் தேடி நீக்க வேண்டும் என்று பணிக் குறிப்பில் தனியாக எழுதி வைத்தோம்.

ஐடி பொருந்தாமல் போவதற்கு அழிப்பது ஒன்றே வழி அல்ல என்பதும் இந்த வேலையின்போது தெரிந்தது. விசாரித்த நிலையில் மட்டும் உள்ளவருக்கான லீட் பதிவின் ஐடி 00கியூ என்று தொடங்கும். அதைத் தொடர்பாக மாற்றியதும் 003 என்று தொடங்கும் வேறு ஐடி வந்துவிடுகிறது, மார்க்கெட்டிங் க்ளவுட்டில் அதே ஆள் இரண்டாகிவிடுகிறார். யாரும் எதையும் அழிக்காமலே நாள்தோறும் நடக்கும் இந்தப் பிரிவினைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: மாறிய லீட்டில், அது எந்தத் தொடர்பாக மாறியது என்ற ஐடி எழுதப்பட்டிருக்கும். ஒரே ஆளின் மூன்று பதிவுகள் வரை ஒன்றாக இணைக்கும்போதும், தோற்ற பதிவில் வென்ற பதிவின் ஐடி மாஸ்டர் ரெகார்டு என்ற புலத்தில் இருக்கும். பின்னிலிருந்து அது மறைவதற்குள் அழித்தவற்றையும் சேர்த்து இறக்கும் டேட்டா லோடரின் எக்ஸ்போர்ட் ஆல் மூலம் எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் எழுத வேண்டிய தொல்லையே இல்லாமல் மென்பொருளே எழுதிவைக்கும் இடங்கள் இவை. நாங்கள் தேர்ந்தெடுத்த வழி ஒன்றில்தான் எந்தத் தடயமும் இல்லை.

இப்போது அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு தொடர்பிலும் மாணவர் எண், சேல்ஸ்ஃபோர்ஸ் கொடுக்காமல் வெளியிலிருந்து வரும் அடையாளமாக, வெளி ஐடியாக இருக்கிறது. திருத்தம் எதுவானாலும் அந்த எண்ணைப் பிடித்து அப்சர்ட் செய்கிறோம். இருப்பதைத் திருத்தும், இல்லாததை மட்டும் உருவாக்கும், பழைய ஐடி அசையாது. அநாதைகளை எண்ணும் வினவல் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் ஓடி, எண்ணிக்கையை எனக்கு அனுப்புகிறது. பொதுவாக ஒன்று, இரண்டு. கூடவே எப்போதும் ஒரு 11 சேர்ந்தே வரும். இரட்டையர்களுக்கு விடை சொன்ன அம்மையாராலும் அடையாளம் காண முடியாத பழைய கீக்கள் அவை. எந்தப் புதியவருடையவை என்று தெரியாததால், அந்த முகவரிகளை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு, கீக்களை அழிக்காமலே வைத்திருக்கிறேன்.